26 மாதக் குழந்தை, ஏழு ஆபத்துக் காரணிகள்: சமூகப் பணியாளர் எதை முதலில் தொடுவது?

களப்பயிற்சி_மாணவி:

அனைவருக்கும் வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலை சமூகப் பணி) வகுப்பில் விவாதிக்க ஒரு பயிற்சி வழக்கு. குடும்பம் கற்பனை, விவரங்கள் களத்தில் காண்பவை மாதிரியே எழுதப்பட்டவை.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு செங்கல் சூளை. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஜனவரி தொடக்கத்தில் வந்த குடும்பம். இப்போது ஏப்ரல். பெண் குழந்தை, 26 மாதம். எடை 8.9 கிலோ, உயரம் 79 செ.மீ., மேல்கைச் சுற்றளவு 12.9 செ.மீ. மூன்று சொல் பேசுகிறாள், இரண்டு சொல்லைச் சேர்ப்பதில்லை. தாய்க்கு வயது 20. கைக்குழந்தைக்கு 4 மாதம். தாய் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எந்நேரமும் சோர்வு. தந்தை குடிக்கிறார். வாரச் செலவுப் பணம் வரும் நாளில் வீட்டில் அடிதடி. முன்பணக் கடன் உண்டு. ஆர்.பி.எஸ்.கே. (தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) நடமாடும் மருத்துவக் குழு மூன்று மாதம் முன்பு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது. இன்னும் போகவில்லை. குழந்தைக்கு ஆதார் இல்லை.

உயிரியல், குடும்பம், சூழல் என்று மூன்று கட்டம் போட்டுப் பார்த்ததில் 7 காரணிகள்: வளர்ச்சிக் குறைவு, பேச்சுத் தாமதம், தாயின் மனச்சோர்வு, தந்தையின் குடி, வன்முறை, கடன், இடம்பெயர்வு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், மொத்தம் 7, "அதிக ஆபத்து". அடுத்து "ஆலோசனை, விழிப்புணர்வு, பரிந்துரை" என்று எழுதினால் போதுமா?

மரப்பாச்சி:

போதாது மா. அந்த மூன்று சொல்லையும் எந்தக் குடும்பத்துக் கேஸ் ஷீட்டிலும் ஒட்டலாம் என்பதுதான் சிக்கலே.

எண்ணிப் பார்ப்பது வீண் என்று சொல்லவில்லை. பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் 1970களின் இறுதியில் ஆறு குடும்பக் காரணிகளை எடுத்துப் பார்த்தார்: கடும் தாம்பத்தியச் சண்டை, கீழ்நிலைப் பொருளாதாரம், நெரிசலான வீடு, தந்தையின் குற்றப் பின்னணி, தாயின் மனநோய், குழந்தை காப்பகத்துக்குப் போனது. ஒன்று மட்டும் இருந்த பிள்ளைகளுக்கும் ஒன்றுமே இல்லாத பிள்ளைகளுக்கும் மனநலக் கோளாறில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு சேர்ந்தபோது நான்கு மடங்கு. ஆகவே எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. ஆனால் அது சொல்வது "இந்த வீட்டுக்கு அடிக்கடி போ" என்பதை மட்டும்தான். போய் என்ன செய்வது என்று சொல்லாது.

1998-இல் வந்த ஏஸ் ஆய்வின் (சிறுவயதுக் கசப்பான அனுபவங்களை எண்ணுவது) மதிப்பெண்ணையும் இப்படித்தான் எல்லோரும் தனியாள் மீது ஒட்டுகிறார்கள். அந்த ஆய்வை நடத்திய இருவரில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே 2020-இல் எழுதிவிட்டார், மக்கள்தொகைக்காகச் செய்த அளவுகோலை ஒரு தனி மனிதருக்கு வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று.

கட்டங்களை மாற்றிப் போடு. ஒன்று, நாள் தள்ளினால் திரும்பாதவை. இரண்டு, இந்த வாரமே நகர்த்த முடிந்தவை. மூன்று, வேறொரு துறை வந்தால்தான் நகருபவை. நான்கு, இப்போதைக்கு மாறாதவை. உன் ஏழையும் இதில் போட்டுப் பார், வரிசை தானே வரும். காது கேட்கிறதா என்ற கேள்வி முதல் கட்டத்தில் வரும், அது உன் பட்டியலிலேயே இல்லை. சீட்டு வாங்கியும் போகாதது இரண்டாவதில் வரும், அதுவும் பட்டியலில் இல்லை.

அளவுநாடா:

முதலில் எண்களைச் சரிபார்ப்போம். இந்த எண்களில் ஒரு பொறி இருக்கிறது.

26 மாதப் பெண் குழந்தைக்கு 8.9 கிலோ என்றால் வயதுக்கேற்ற எடையில் மைனஸ் 2-க்குக் கீழே, மைனஸ் 3-க்கு மேலே (சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி என்பதுதான் இந்த எண்). 79 செ.மீ. என்பது வயதுக்கேற்ற உயரத்திலும் மைனஸ் 2-க்குக் கீழே. ஆனால் உயரத்துக்கேற்ற எடை மைனஸ் 2-க்கு மேலேயே இருக்கிறது. மேல்கைச் சுற்றளவும் 12.5-ஐத் தாண்டிவிட்டது. 11.5-க்குக் கீழே கடுமை, 11.5 முதல் 12.5 வரை மிதம் என்பதுதான் கணக்கு. அதாவது இந்தக் குழந்தை குட்டை, மெலிவு இல்லை. மெலிவைத் தேடும் எந்தப் பட்டியலிலும் இவள் பெயர் வராது. பார்க்கிறவர்களும் "சின்ன உடம்புக்காரி, அம்மா மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 5 வயதுக்குள் குட்டை 25 சதவீதம், மெலிவு 14.6 சதவீதம். முதல் கூட்டம் பெரியது, கண்ணில் படாதது.

அளக்கும்போது நடக்கும் தவறுகள்: 2 வயதுக்குக் கீழே படுக்க வைத்து நீளம், மேலே நிற்க வைத்து உயரம். மாற்றி எடுத்தால் 0.7 செ.மீ. வித்தியாசம், அதைக் கூட்டியோ கழித்தோ எழுத வேண்டும். குதிகால், பிட்டம், பின்தலை மூன்றும் பலகையில் படணும். தலையில் கொண்டை, ரப்பர் பேண்ட் இருந்தால் 1 செ.மீ. சும்மா ஏறும். மேல்கைச் சுற்றளவுக்கு இடது கை, தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியில் குறி வைத்து, கையைத் தொங்கவிட்டு. நாடாவை இறுக்கினால் 3 மி.மீ. குறையும், அதற்குள் ஒரு குழந்தை ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். இரு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் 3 நொடி அழுத்திப் பார்க்க மறக்காதீர்கள். குழி விழுந்தால் மற்ற எண்கள் எப்படி இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

எடை ஒரு தடவை எடுத்தது போதாது. தாய் சேய் நல அட்டையில் பழைய புள்ளிகள் இருந்தால் கோடு போட்டுப் பாருங்கள். கோடு எந்த மாதத்தில் படுத்தது என்று தெரிந்தால் பாதி வரலாறு கிடைத்துவிடும். 13, 14 மாதத்தில் படுத்திருந்தால் ஆச்சரியமே இல்லை. அப்போதுதான் தாய் மறுபடி கருவுற்றிருக்கிறார்.

ஒலிப்பதிவு:

பேச்சுத் தாமதத்தைப் பற்றி. 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்க்காவிட்டால் அது எச்சரிக்கைக் குறி, 26-இல் காத்திருக்க ஒன்றுமில்லை. ஆனால் யாரும் "பேச்சுப் பயிற்சி" என்று குதிக்க வேண்டாம். முதலில் காது.

கதவைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறாள், அதனால் காது கேட்கிறது என்பார்கள். பாதிக் கேட்புத்திறன் உள்ள குழந்தையும் கதவுச் சத்தத்துக்குத் திரும்பும். தட்டும்போது நிழலும் அதிர்வும் போகும், குழந்தை அதற்கும் திரும்பும். சூளைப் பக்கத்தில் சளி, காதில் சீழ் சாதாரணம், நடுக்காதில் நீர் கோத்தால் மெல்லிய ஒலிகள் மட்டும் போய்விடும். ஆகவே ஓ.ஏ.இ. (உட்காதின் எதிரொலியை அளக்கும் சோதனை), தேவைப்பட்டால் பெரா (ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் பதில் தருவதை அளக்கும் சோதனை). சொந்தத்தில் திருமணமா என்றும் கேளுங்கள், பிறவிக் கேட்புக் குறைபாட்டில் அதற்குப் பங்குண்டு. கடும் குறைபாடு என்று தெரிந்தால் 6 வயதுக்குள் முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் (உட்காதில் கேட்புக் கருவி பொருத்தும்) அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் மொழிக்கான காலம் 6 வயது வரை காத்திருக்காது. பிறந்த குழந்தைக்கு விதி 1-3-6: ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் கருவி. கைக்குழந்தைக்கு இப்போது 4 மாதம். அதன் காதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், பயணம் ஒன்றுதானே.

களப்பயிற்சி_மாணவி:

நன்றி சார். ஆட்டிசமாக இருக்கலாமா? அந்தப் படிவத்தை நானே கேட்டு நிரப்பலாமா?

ஒலிப்பதிவு:

ஆட்டிசத்துக்கான முதற்கட்டப் படிவம் எம்-சாட், 16 முதல் 30 மாதம் வரை, 20 கேள்வி. நீங்களே கேட்கலாம். மதிப்பெண் 0 முதல் 2 என்றால் ஆபத்து குறைவு, 3 முதல் 7 நடுத்தரம், 8-உம் அதற்கு மேலும் அதிகம். நடுத்தரம் வந்தால் தொடர் கேள்விகள் கேட்டுத்தான் முடிவு. அதை விட்டுவிட்டு "ஆட்டிசம் வரலாம்" என்று தாயிடம் சொல்லிவிட்டு வருவதுதான் பெரிய தவறு. 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளுக்கு "ஆம்" என்றால்தான் ஆபத்து, மற்றவற்றுக்கு "இல்லை" என்றால் ஆபத்து. அவசரத்தில் இதைத் தலைகீழாகக் கூட்டிவிடுவார்கள்.

அங்கன்வாடியில் செய்வதற்குத் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை இன்னும் எளிது. பழைய அட்டை 2 வயது வரை 17 செயல்கள், விரிவாக்கியது 6 வயது வரை 51. குழந்தையின் வயதில் பென்சிலை நெட்டாக வை. பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துபோன பட்டைகளில் எதையாவது குழந்தை செய்யவில்லை என்றால் தாமதம். குறைமாதக் குழந்தை என்றால் 2 வயது வரை அந்த வாரங்களைக் கழித்துவிட்டுப் பென்சிலை வைக்கணும். இதை மறந்து நல்ல குழந்தையைப் பயமுறுத்தியதும் உண்டு, கழிக்கக் கூடாத வயதில் கழித்து தாமதத்தை மறைத்ததும் உண்டு.

சூளை என்பதால் ஒன்று: பக்கத்துக் குடிசையில் ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து வந்த ஒடியா குடும்பம் இருந்தால், அந்தக் குழந்தையைத் தமிழில் கேட்டுவிட்டு "பேசவில்லை" என்று எழுதாதீர்கள். வீட்டு மொழியில் எத்தனை சொல் என்று தாயிடம் கேட்டு எண்ண வேண்டும்.

சூளைப்பக்கம்:

எல்லாம் சரி. அந்தச் சீட்டு எப்படி மையத்துக்குப் போகும்? அதைச் சொல்லுங்க யாராவது.

நானே சொல்றேன். சூளையில கூலி ஆளுக்கு இல்ல, ஜோடிக்கு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு கணக்கு. அம்மா ஒரு நாள் ஆஸ்பத்திரி போனா அப்பாவோட வேலையும் பாதி நிக்கும், மண் குழைக்கிறவங்க ஒருத்தர், அச்சு போடுறவங்க ஒருத்தர். அந்த இழப்பு முன்பணக் கடன்ல ஏறும். "விழிப்புணர்வு இல்லை"ன்னு எழுதுறது சுலபம். அவங்களுக்கு நல்லாவே தெரியும், கணக்கு இடிக்குது, அவ்வளவுதான்.

அதனால நான் செய்யச் சொல்றது:

மையத்துக்கு முன்னாடியே போன் பண்ணி காது, குழந்தை மருத்துவர், ரத்தம் மூணும் ஒரே நாள்ல நடக்குமான்னு கேளுங்க. பேச்சு-கேட்பு நிபுணர் எந்தக் கிழமை இருக்கார்னு எழுதி வாங்குங்க. மூணு கிழமைக்கு மூணு தடவை வரச் சொன்னா ஒரு தடவைகூட வர மாட்டாங்க. அந்த மையத்துக்கான பணியிடப் பட்டியல்லயே சமூகப் பணியாளர்னு ஒரு பதவி இருக்கு, ஆள் இருந்தா அவரைப் பிடிச்சா பாதி வேலை முடியும்.

மேஸ்திரிகிட்ட நேரா பேசுங்க, அம்மாவை விட்டுப் பேசச் சொல்லாதீங்க. வாரச் செலவுப் பணம் கொடுத்த மறுநாள் பெரும்பாலும் வேலை மந்தமா இருக்கும், அந்த நாளைக் கேளுங்க. போக விடமாட்டேன், கடனை வச்சுட்டுப் போன்னு பதில் வந்தா அது வேற வழக்கு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976, வருவாய்க் கோட்டாட்சியருக்கு மனு. ஆனா அதைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி குடும்பத்தோட ஒப்புதல், தங்குற இடம், ஊர் திரும்புற வழி எல்லாம் யோசிச்சு வச்சிருக்கணும்.

பஸ்: சாதாரண நகரப் பேருந்துல பெண்களுக்கு இலவசம், 5 வயசு வரைக்கும் குழந்தைக்கு அரசுப் பேருந்துல டிக்கெட் இல்ல. புறநகர் வண்டி மாறுற இடத்துல காசு வேணும், அதை முன்னாடியே கணக்குப் போட்டு வைங்க. முதல் தடவை கூடப் போங்க. ஓ.பி. சீட்டு எங்க, எந்த மாடி, எந்தக் கதவுன்னு ஒரு தடவை காட்டிட்டா ரெண்டாவது தடவை அவங்களே போவாங்க.

அளவுநாடா:

ரத்தம் என்றதும் நினைவு வந்தது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் இந்த வயதில் ரத்தசோகை. தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 57 சதவீதத்துக்கு இருக்கிறது, ஆகவே இருக்கும் என்றே நினைத்துப் போங்கள். இரும்புக் குறைவு தூக்கம், கவனம், புதிய ஆட்களிடம் பழகுவது எல்லாவற்றையும் இழுக்கும். சுணங்கிக் கிடக்கும் குழந்தையை யாரும் கொஞ்சுவதில்லை, கொஞ்சாத குழந்தை பேசுவதில்லை.

தடுப்புக்கு வாரம் இரு முறை 1 மி.லி. சிரப், அதில் 20 மி.கி. இரும்பு. ரத்தசோகை உறுதியானால் சிகிச்சை அளவு வேறு, ஒரு கிலோவுக்கு 3 மி.கி. தினமும், 2 மாதம், மருத்துவர் எழுதியபடி. இரண்டையும் குழப்பக் கூடாது. மலம் கறுப்பாகப் போனதும் தாய்மார் நிறுத்திவிடுவார்கள், அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சிரப்போடு டீ வேண்டாம். சூளைகளில் காலையில் டீயும் வர்க்கியும்தான் குழந்தைக்குச் சாப்பாடு, முதலில் பிடுங்க வேண்டியது அந்த டீயை. பாட்டிலை எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், இரும்பு சிரப்பை மொத்தமாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

2 வயது முடிந்ததால் அங்கன்வாடிக்கு அவள் நேராகப் போகலாம், வாரம் 3 முட்டை கிடைக்கும். கைக்குழந்தைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதனால் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவில் தாயின் பங்கைத் தாய்தான் சாப்பிட வேண்டும் என்பதைத் தந்தையின் காதுபடச் சொல்லுங்கள்.

தொட்டில்:

"தாய் முகம் கொடுத்துப் பேசுவதில்லை" என்பதை மனச்சோர்வு என்று எழுதிவிட்டீர்கள். ரத்தசோகையாக இருக்கலாம், தூக்கமின்மையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், கணவருக்குப் பயந்து அந்நியரிடம் பேசாமலும் இருக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவம் இருக்கிறது. 10 கேள்வி, 0 முதல் 30. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள், தனியாக, மாமியார் பக்கத்தில் இல்லாமல். பத்தாவது கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூச்சியம் தவிர எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம். உடனே யாரும் கிடைக்காவிட்டால் 14416-இல் டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண்.

கோவாவில் 2003-இல் வெளியான ஆய்வு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுள்ள தாயின் குழந்தைகளுக்கு 6 மாதத்தில் எடையும் நீளமும் குறைவாக இருந்ததைக் காட்டியது. ஆகவே தாயின் மனமும் குழந்தையின் எடையும் இரண்டு வரிசை இல்லை.

மனநல மருத்துவர் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் சரியில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் 16 வீட்டுச் சந்திப்புகளில் எளிய அறிவாற்றல் நடத்தை முறையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் சிகிச்சை) செய்தார்கள். குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது அந்தத் தாய்மாரில் 23 சதவீதத்தினர் மட்டுமே மனச்சோர்வில் இருந்தார்கள், மற்ற குழுவில் 53. அதில் "உனக்கு மனச்சோர்வு" என்று ஒருபோதும் தொடங்குவதில்லை. "குழந்தை நல்லா வளரணும், அதுக்கு நாம் என்ன செய்யலாம்" என்றுதான் கதவு திறக்கும். மாமியாரும் கணவரும்கூட அந்தக் கேள்விக்கு உட்காருவார்கள்.

தந்தையின் குடி பற்றி ஒரு எச்சரிக்கை. கோயிலில் கயிறு கட்டிவிட்டால் தீர்ந்தது என்று குடும்பம் நினைக்கும், சில பணியாளர்களும் ஊக்குவிப்பார்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம். கயிறு கட்டுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்கட்டும்.

ஊர்க்குருவி:

எனக்கு ஒன்று புரியவில்லை. வீட்டில் அடிதடி, அம்மா கவனிக்கவில்லை, குழந்தை வளரவில்லை. 1098-க்கு (குழந்தைகள் உதவி எண்) போன் செய்து குழந்தையை எடுத்து நல்ல இல்லத்தில் வைப்பதை விட்டுவிட்டு சிரப், பஸ் என்று பேசிக்கொண்டிருக்கிறோமே?

சட்டப்புள்ளி:

1098 கூப்பிடுவது வேறு, எடுத்துவிடுவது வேறு.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 3: குடும்பமே முதல் பொறுப்பு, நிறுவனத்தில் வைப்பது கடைசி வழி. குழந்தைகள் நலக்குழு முன் ஆஜர்படுத்தினால்கூட சமூக விசாரணை அறிக்கை கேட்பார்கள், 15 நாளுக்குள். அதில் "ஏழை, கூலி, குடிசை" என்று எழுதினால் அது பிரித்தெடுக்கக் காரணம் ஆகாது. நிதி ஆதரவுக்கான காரணம் ஆகும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா வழியாகத் தகுதி உள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள். ஆனால் வருமானம் மட்டும் போதாது. தாய் விதவை அல்லது கைவிடப்பட்டவர், பெற்றோருக்குக் கடும் நோய் என்பது போன்ற நிலைமை வேண்டும். இந்தக் குடும்பத்துக்குக் கிடைக்குமா என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுதான் சொல்ல வேண்டும், வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

"நல்ல இல்லம்" என்பதற்கு: ருமேனியாவின் புகாரெஸ்டில் நிறுவனங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை வைத்து 2000களின் தொடக்கத்தில் ஒரு ஆய்வு தொடங்கியது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நிறுவனத்திலேயே தங்கியவர்களின் அறிவுத்திறன் பின்தங்கியது, 2 வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்கள் நன்றாக மீண்டார்கள். சோறு, துணி, கூரை எல்லாம் இருந்த இடம்தான். ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவது மட்டும் இல்லை.

வன்முறை தாய்மீது என்றால் முதல் கதவு 181 (பெண்கள் உதவி எண்), ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர். குழந்தைமீது காயம், சூடு, எலும்பு முறிவு, அல்லது வேண்டுமென்றே பட்டினி என்றால் அன்றே 1098, 24 மணி நேரத்துக்குள் குழு முன். அந்தக் கோட்டைத் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களை அந்தப் பக்கம் தள்ளாதீர்கள்.

ஊர்க்குருவி:

சரி, ஏற்கிறேன். தந்தை குழந்தையை அடிக்கிறாரா என்று வழக்கில் எழுதவே இல்லை. அதைக் கேட்காமல் இரு பக்கமும் பேச முடியாது.

மரப்பாச்சி:

அதைவிடப் பெரியது ஒன்றை எல்லோரும் தாண்டிப் போய்விட்டோம். யாரும் கணக்குப் போடவில்லையா? தாய்க்கு 20. மூத்தவளுக்கு 26 மாதம், அதோடு கருவிலிருந்த 9 மாதம், மொத்தம் 35. அதாவது கருவுற்றபோது வயது 17, விளிம்பில் போனால் 18. முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோதே ஆதார், வயது, போலீஸ் என்று என்ன நடந்ததோ. அந்தச் சீட்டு கூரையில் செருகிக் கிடப்பதற்குக் கூலி மட்டும் காரணமாக இருக்காது.

சட்டப்புள்ளி:

நல்ல பிடி. திருமணமானவர் என்றாலும் 18-க்குக் கீழே என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) பொருந்தும், பிரிவு 19-இன்படி தெரிந்தவர் தெரிவிக்க வேண்டும், தவறினால் 21-இல் தண்டனை. அதனால் "உங்கள் ரகசியம் என்னோடு இருக்கும்" என்று முதல் சந்திப்பிலேயே வாக்குக் கொடுக்காதீர்கள். எதை வெளியே சொல்லியாக வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். மாணவி தனியாக முடிவெடுக்கும் விஷயமும் இல்லை. களப்பயிற்சி மேற்பார்வையாளரிடமும் பாதுகாப்பு அலகின் சட்ட அலுவலரிடமும் எழுத்தில் கொண்டுபோங்கள்.

வளர்ச்சிக் கோணத்தில் இது இன்னும் இரண்டு காரணிகள்: வளரிளம் வயதுப் பிரசவம், 22 மாத இடைவெளி. மூன்றாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போடும் பேச்சைக் கிராம சுகாதாரச் செவிலியர் இந்த மாதமே தொடங்க வேண்டும்.

களப்பயிற்சி_மாணவி:

இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. காது, ரத்தம், தாய், பயணம் புரிந்தது. பேச்சை வளர்க்க வீட்டில் நான் என்ன செய்யலாம்? சூளையில் பொம்மை கிடையாது.

தொட்டில்:

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980களின் நடுவில் சாலி கிராந்தம்-மக்ரெகர் குழு செய்தது உங்கள் வழக்குக்கு அச்சு அசல். 9 முதல் 24 மாதத்துக்குள் இருந்த 129 குட்டைக் குழந்தைகள். ஒரு பகுதிக்கு வாரம் ஒரு மணி நேரம் வீட்டு விளையாட்டுச் சந்திப்பு, 2 ஆண்டு. பொம்மைகள் வீட்டிலேயே செய்தவை. 20 ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பளம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். கூடுதல் உணவு மட்டும் கிடைத்த குழுவில் அந்தப் பலன் நிலைக்கவில்லை.

ஒரு சந்திப்பை இப்படிப் பிரிக்கலாம். முதல் 10 நிமிடம் போன வாரம் என்ன விளையாடினார்கள் என்று கேட்டுப் பார்ப்பது. அடுத்த 15 நிமிடம் புதிய விளையாட்டு ஒன்றை நீங்கள் செய்து காட்டுவது. பிறகு 20 நிமிடம் தாய் செய்ய, நீங்கள் வாயை மூடிக்கொண்டு பார்ப்பது. மீதியில் அடுத்த வாரம் வரை எந்த வேலையின்போது இதைச் செய்வது என்று முடிவு. பல் விளக்கும்போது, கல் அடுக்கும்போது, குளிப்பாட்டும்போது என்று ஏற்கெனவே இருக்கிற வேலையில் கட்ட வேண்டும். "தினம் 20 நிமிடம் ஒதுக்குங்கள்" என்றால் நடக்காது.

சாமான்: மூடி போட்ட தண்ணீர் பாட்டிலில் புளியங்கொட்டை, ஆனால் மூடியை ஊசி நூலால் இறுக்கிக் கட்டுங்கள், கொட்டை மூச்சுக்குழலில் போகும். தேங்காய்ச் சிரட்டை இரண்டு, பெரியதும் சிறியதும். துணியில் செய்த பந்து. ஈரக் களிமண் அங்கே மலை போல் இருக்கிறது, காய்ந்த செங்கல் தூசியை மட்டும் தவிருங்கள். கைவீசம்மா கைவீசு, சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு தாய்க்கே தெரியும், கேட்டால் பாடுவார். குழந்தை "தா" என்றால் "முட்டை தா" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்வது, அதற்குமேல் பாடம் வேண்டாம்.

கெட்டுப்போகும் இடம் ஒன்றே ஒன்று. பணியாளர் குழந்தையோடு நன்றாக விளையாடுவார், தாய் அந்த நேரத்தில் துணி துவைக்கப் போய்விடுவார். அடுத்த வாரம் பொம்மை பரணில் இருக்கும், புதிதாகவே. கைபேசியைக் கொடுத்து உட்கார வைக்கும் வழக்கத்தையும் கேளுங்கள். 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், அதற்குமேல் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பிடுங்கினால் தாய்க்குச் சமைக்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். அங்கன்வாடி உதவியாளர் காலையில் வந்து அழைத்துப் போவார் என்றால் கைபேசி தானாகக் குறையும்.

சூளைப்பக்கம்:

நாம இங்க ரெண்டு வருஷச் சந்திப்பு பேசுறோம். ஜூன்ல சூளை மூடும். குடும்பம் ஊருக்குப் போயிடும். அப்புறம்?

களப்பயிற்சி_மாணவி:

அதையும்தான் கேட்க நினைத்தேன். ஊருக்குப் போனால் கோப்பை மூடிவிட வேண்டுமா?

மரப்பாச்சி:

மூடினால் எல்லாம் வீண். ஏப்ரலிலேயே ஒப்படைப்பைத் தொடங்கு, கிளம்பும் வாரத்தில் இல்லை.

ஒரே பக்கத்தில், இரண்டு பிரதி. ஒன்று தாய் சேய் நல அட்டைக்குள் பின் செய்து தாயிடம், ஒன்று ஊரின் அங்கன்வாடிக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும். எழுத வேண்டியவை: இரு குழந்தைகளின் பிறந்த தேதி, தாயின் பிக்மி (கர்ப்பப் பதிவு) எண், கடைசி எடை உயரம் தேதியோடு, ஹீமோகுளோபின் எண், காதுப் பரிசோதனை முடிவு, அடுத்து எந்தத் தேதியில் எந்த மையத்தில் என்ன. வன்முறை, வயது, மனநிலை மூன்றும் அந்தத் தாளில் கூடாது. அட்டையைக் கணவரும் மாமியாரும் பார்ப்பார்கள். அவை பணியாளருக்குப் பணியாளர் நேரில் அல்லது மூடிய உறையில்.

"பரிந்துரைக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாதே. யார் வாங்கிக்கொண்டார், எந்தத் தேதி, அவர் பெயர், பதில் வந்ததா என்று நான்கு கட்டம் போடு. நான்காவது காலியாக இருந்தால் மறுபடி போன்.

அங்கன்வாடிப் பதிவுச் செயலியான போஷன் டிராக்கரில் இடம்பெயர்ந்தவர் என்று மாற்றும் வழி இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர் இங்கே விடுவித்தால்தான் அங்கே சேர்க்க முடிகிறது. விடுவிக்காமல் போனால் இரண்டு ஊரிலும் இல்லாத குழந்தையாகிவிடும்.

களப்பயிற்சி_மாணவி:

குழந்தைக்கு ஆதார் இல்லை என்று வழக்கில் இருக்கிறது. சேர்க்க மாட்டார்களா?

அளவுநாடா:

தாயின் ஆதாரில் சேர்க்கலாம். இல்லை என்று திருப்பி அனுப்பினால் வட்டார குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு அன்றே எழுதுங்கள். அதுவரை முட்டையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

சூளைப்பக்கம்:

அந்த அங்கன்வாடி டீச்சர் போன் நம்பரை அம்மாவோட கைபேசியில நீயே சேவ் பண்ணிக் கொடு. பேர் போடாத, படிக்கத் தெரியாட்டி பயன் இல்ல. முட்டைப் படம் போடு.